பத்துப் பேருக்குச் சோறு

"மச்சான், எனக்குப் பத்து ஏழை வேணும்."

போன வருடம் ஒரு புதன்கிழமை காலை, நான் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தபோது வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டான் ஹாஷிம். பத்துத் தேங்காய் வேண்டும் என்று கேட்கிற குரலில் கேட்டான்.

"என்னத்துக்கு?"

"சாப்பாடு குடுக்க."

"ஒங்க பள்ளிவாசல்ல சொன்னா நூறு பேரைக் காட்டுவாங்களே."

"பள்ளியில சொன்னா ஏன் எதுக்குண்டு கேப்பாங்க. நீ கேக்க மாட்டே."

நான் கேட்காமல் இருக்கிற ஆளா? மாநகரசபையில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்காக இருந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கேள்வி கேட்டே ஓய்வூதியம் வாங்கியவன். ஆனால் அன்று அவன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். கண்டிச் சந்தையில் மூட்டை தூக்குகிற ஆட்களை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பகலுக்குப் பத்துப் பேரை அழைத்து வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஹாஷிமைத் தெரியாத கலியாண வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. குண்டசாலையில் ஆற்றுப் பக்கம் இறங்கும் பாதையில் அவனுடைய வாடகைக் கடை இருக்கிறது. கதிரை, பாய், அண்டா, எல்லாவற்றுக்கும் மேலாக நூற்றிருபது சஹன். சஹன் என்பது இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய வட்டத் தட்டு. இங்குள்ள முஸ்லிம் கலியாணங்களில் அதில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் பொரித்த கோழியை வைத்து, சுற்றி ஆறு பேரை இருத்துவார்கள். ஆறு பேரும் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட வேண்டும். ஐந்து பேர் மட்டும் இருந்தால் மூடியைத் திறக்க மாட்டார்கள். ஆறாவது ஆள் வரும்வரை பசியோடு முகட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்த ஆறு பேர் யார் யார் என்று தீர்மானிக்கிறவன் ஹாஷிம். மண்டப வாசலில் தோளில் ஒரு துவாயோடு நிற்பான். வருகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பான். "நீங்க இப்புடி, ஹாஜியார் நீங்க அப்புடி, தம்பி நீ அந்த மூலைக்கு" என்று கையைக் காட்டுவான். யாரும் மறுத்துப் பேசியதில்லை. பல் இல்லாதவர்களை ஒன்றாக இருத்த மாட்டான், கோழி வீணாகிவிடும். சாப்பாட்டு வேகத்தில் கெட்டிக்காரர்களையும் ஒன்றாக இருத்த மாட்டான், அடிபிடி வந்துவிடும். அதற்கும் மேலே அவனுக்கு ஒரு குறும்பு உண்டு. ஆற்றுப் பள்ளிக்காரரையும் சந்திப் பள்ளிக்காரரையும் தேடிப் பிடித்து ஒரே சஹனில் இருத்துவான்.

இந்த இரண்டு பள்ளிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. ஆற்றுப் பள்ளி பழையது. அங்கே நபியவர்களைப் புகழ்ந்து மௌலூது ஓதுவார்கள், வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கே கந்தூரிச் சோறு கொடுப்பார்கள். சந்திப் பள்ளி இருபது வருடத்துக்குள் வந்தது. நபியவர்கள் செய்து காட்டாத எதையும் மார்க்கமென்று செய்யக் கூடாது என்பது அங்குள்ளவர்களின் நிலைப்பாடு. கந்தூரி அதில் முதலாவது. இரண்டிலும் ஒரே திசையைப் பார்த்துத்தான் தொழுகிறார்கள். நான் நெற்றியில் திருநீறு பூசுகிற மனிதன், எது சரி எது பிழை என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, அறிவும் இல்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும், இரண்டு பக்கத்திலும் வாய்க்கொழுப்புப் பிடித்தவர்களையும் தெரியும்.

"வாய்க்குள்ள சோறு ஈக்கக்குள்ள யாரும் பத்வா குடுக்க மாட்டாங்க மச்சான்" என்பான் ஹாஷிம். பத்வா என்றால் மார்க்கத் தீர்ப்பு. வீதியில் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லாமல் போகிறவர்கள் அவன் இருத்திய சஹனில் ஈரல் துண்டை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஊரையே சேர்த்து இருத்துகிற அந்த மனிதன் மட்டும் எந்தச் சஹனிலும் இருக்க மாட்டான். எல்லோரும் எழுந்து போன பிறகு அடுப்படிப் பக்கம் போய் ஒரு சின்னக் கோப்பையில் அடிச்சோற்றைப் போட்டு நின்றபடியே சாப்பிடுவான். பரிமாறுகிறவனுக்கு இருக்க நேரம் எங்கே என்று சிரிப்பான். அது பொய். காரணம் எனக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் நாங்களும் ஆறு பேர் ஒரு சஹன். ஹாஷிம், அவனுடைய நானா ஸெய்னுலாப்தீன், உவைஸ், ஜவ்பர், காமில், ஆறாவது நான். மகாவலிக் கரையில் ஒன்றாகக் கிரிக்கெட் அடித்த கூட்டம். நானா என்றால் அண்ணன். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அவர்தான் அம்பயர். பிறகு கணக்கு ஆசிரியரானார். எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் நாங்கள் ஆறு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக இருப்போம். என்னை வேறு மேசைக்கு அனுப்பப் பார்த்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரிடம் நானா, "ராஜா இல்லாட்டி எங்கட சஹன் அஞ்சு பேர் சஹன். அஞ்சு பேர் சஹனைத் திறக்க ஏலா" என்று சொன்னார். அதோடு முடிந்தது.

சஹனில் கோழியைப் பிய்த்துப் பங்கு போடுவது ஒருவருடைய பொறுப்பு. எங்கள் சஹனில் அது நானாவின் கை. மற்றவர்கள் பிய்த்தால் ஒருவனுக்குத் தொடை கிடைக்கும், இன்னொருவனுக்கு எலும்பு கிடைக்கும். நானா பிய்த்தால் ஆறு பேர் முன்னாலும் ஆறு பங்கு அளந்து வைத்தது போல இருக்கும். நெஞ்சு கொஞ்சம், தொடை கொஞ்சம், கருகின தோல் கொஞ்சம். ஆறால் பிரிபடாத கோழி உலகத்தில் இல்லை என்பார். கடைசியாகத்தான் தன் பங்கைத் தொடுவார். ஹாஷிம் தன் பங்கில் இருந்து ஒரு நல்ல துண்டை எடுத்துக் களவாக அவர் பக்கம் வைப்பான். அவர் அதைத் திருப்பி வைப்பார். இது சோறு முடியும்வரை நடக்கும்.

நானா ஹஜ்ஜுக்குப் போய் வந்த பிறகு நிறைய வாசிக்கத் தொடங்கினார். கணக்கைக் கடைசி வரி வரை போட்டுப் பார்க்கிற மனிதர், விடை வந்துவிட்டால் யாருக்காகவும் மாற்ற மாட்டார். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கந்தூரி நாளன்று அவர் ஆற்றுப் பள்ளி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. யாரையும் தடுக்கவும் இல்லை. ஹாஷிமைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இந்த வருஷத்துல இருந்து நான் கந்தூரிச் சோத்துக்கு வரமாட்டன் ஹாஷிம். மார்க்கத்துல இல்லாதத மார்க்கம்ண்டு செய்ய எனக்கு ஏலா. கோவிக்காதே."

கந்தூரிக்குப் போகிற முதல் நாற்பது சஹனும் அவர்களுடைய வாப்பா, அதாவது தகப்பனார், வாங்கிக் கொடுத்தவை. கந்தூரிக்கு மட்டும் வாடகை எடுக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார்.

"அப்ப வாப்பா செஞ்சது?" என்று கேட்டான் ஹாஷிம்.

"வாப்பாவ அல்லாஹ் மன்னிப்பான்."

நானா நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் மன்னிப்பான் என்றால் வாப்பா குற்றம் செய்தார் என்றுதானே அர்த்தம்?  ஹாஷிம் கையில் இருந்த சஹன் மூடியை நிலத்தில் போட்டான். பள்ளி வாசல் நிறைய ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வல்லாஹி! இனிமே நீங்க கை போடுற சஹன்ல நான் கை போட மாட்டன்!"

அல்லாஹ்வின் மேல் சத்தியம். விளையாட்டுக்குக்கூட அவன் சத்தியம் பண்ணி நான் கேட்டதில்லை. நானா குனிந்து அந்த மூடியை எடுத்து, தூசியைத் தட்டி, வாசல் படியில் வைத்துவிட்டுப் போனார். உவைஸ் பின்னாலேயே ஓடினான், அவர் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பதினேழு வருடம். ஒரே ஊர், ஒரே பாதை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இரண்டு வீடு. பெருநாளைக்குப் பிள்ளைகள் போய் வருவார்கள். ஹாஷிமின் மனைவி றமீஸா தேங்காய்ப்பாலில் செய்த வட்டிலாப்பம் அனுப்புவாள், நானாவின் மகள் ஆஸிகா கோப்பையைக் கழுவி அதில் பழம் போட்டுத் திருப்பி அனுப்புவாள். பாதையில் கண்டால் இரண்டு பேரும் ஸலாம் சொல்வார்கள். அதற்கு மேலே ஒரு சொல் கிடையாது.

கலியாணங்களில் நானா வந்தால் ஹாஷிம் அவர் முகத்தைப் பார்க்க மாட்டான். ஆனால் யன்னலோரத்துக் காற்றோட்டமான இடம் அவருக்குத்தான். மண்டபத்திலேயே நல்ல ஐந்து பேரைப் பொறுக்கி அவரைச் சுற்றி இருத்துவான். அடுப்படிக்குப் போய்க் கொழுத்த கோழியாகப் பார்த்து அந்தச் சஹனில் வைக்கச் சொல்வான். பிறகு தூணுக்குப் பின்னால் நின்று, நானா கோழி பிய்ப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பான். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வரும். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"அவரு கை போடுற சஹன்ல தானே கை போட மாட்டேன்னு சத்தியம் பண்ணுனே? மத்த சஹன்ல ஒக்காந்து சாப்பிடேன். எதுக்கு இப்படி நாய் மாதிரி அடுப்படியில நின்னுக்கிட்டு?"

"கோழிய யாரு பிய்க்கிற மச்சான்?" என்றான்.



ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நானா கலியாணச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நிக்காஹ்வுக்கு வருவார், துஆப் பிரார்த்தனை முடிந்ததும் போய்விடுவார். சந்திப் பள்ளிக்காரர் இன்னும் இறுகிப் போய்விட்டார் என்று ஊர் பேசியது. ஹாஷிமும் அதைத்தான் நம்பினான். தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கிற அந்தப் பத்து நிமிடமும் அவனுக்கு இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் அவனுக்கு வயது போன மாதிரி எனக்குத் தெரிந்தது.

இரண்டாயிரத்துப் பதினெட்டு மார்ச்சில், முஸ்லிம் வீடுகளையும் கடைகளையும் எரித்த கலவரக் கிழமையில், இரண்டு குடும்பமும் என் வீட்டில் இருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஹாஷிம் குடும்பம் பின் வாசலால் வந்தது, அரை மணி நேரத்தில் நானா குடும்பமும் அதே வாசலால் வந்தது. தொழுகை நேரம் வந்தால் என் மனைவி இராஜேஸ்வரி கூடத்தைக் கூட்டிச் சாமிப் படத்துக்குத் திரை இழுத்து விடுவாள். நானா முன்னால் நிற்பார், ஹாஷிம் அவருக்குப் பின்னால் நிற்பான். எந்தப் பள்ளி முறை என்று யாரும் கேட்கவில்லை. பயம் வந்தால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது என்று அப்போது நினைத்தேன். சாப்பாட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு கோப்பை. நானா சுவர்ப் பக்கம் திரும்பி இருந்து, ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கையில் புண் என்றார். ஊரடங்கு எடுத்த அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவர் சந்திக்குப் போனார், மற்றவர் ஆற்றுப் பக்கம் இறங்கினார். நான் கேட்டைப் பிடித்தபடி நின்று இரண்டு பேரையும் மனதுக்குள் ஏசினேன்.

இனி அந்தப் பத்து ஏழைகள் விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை பகல், சந்தை ஆட்கள் பத்துப் பேரோடு நான் ஹாஷிம் வீட்டுக்குப் போனேன். அவன் சஹனில்தான் சோறு வைத்திருந்தான். ஐந்தைந்து பேராக இருத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான். ஐந்து பேர் சஹனைத் திறக்க அவன் கை போகவில்லை. கடைசியில் ஒன்றில் என்னைப் பிடித்து இருத்தினான், மற்றதில் எங்களை ஏற்றி வந்த ஓட்டோக்காரனை இருத்தினான்.

"பத்துப் பேருதான் கணக்கு. நீங்க ரெண்டு பேரும் சஹனுக்காக" என்றான்.

எல்லோரும் வயிறு நிறைந்து போன பிறகு பின் வளவில் சஹன் கழுவிக்கொண்டே சொன்னான். மகள் நுஸ்ஹாவின் கலியாணம் மூன்று கிழமையில். அன்றைக்கு நானாவோடு ஒரே சஹனில் இருக்க வேண்டும் என்று அவன் மனதில் முடிவெடுத்துவிட்டான். சத்தியத்துக்கு என்ன செய்வது என்று ஆற்றுப் பள்ளியில் தொழுகை நடத்தும் ஹஸ்ரத்திடம் கேட்டிருக்கிறான். சத்தியத்தை முறிப்பதற்குப் பரிகாரம் உண்டு, பத்து ஏழைகளுக்கு உன் வீட்டில் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பாடு கொடு, முன்கூட்டியே கொடுத்தாலும் சரி என்று அவர் சொல்லியிருக்கிறார். ஹாஷிமுக்கு நம்பிக்கை வரவில்லை. நானா ஏற்றுக்கொள்கிற பதிலாக இருக்க வேண்டுமே. தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்திப் பள்ளிக்குள் போய் அங்குள்ள மௌலவியிடமும் கேட்டிருக்கிறான். அவரும் பத்துப் பேர் என்றாராம். குர்ஆனிலேயே இருக்கிறது என்று எடுத்தும் காட்டினாராம்.

"ரெண்டு பள்ளியும் ஒரே விடை சொன்ன ஒரே கணக்கு, என்ட மடத்தனத்துக்குத்தான் மச்சான்" என்று சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

மறுநாள் நானா வீட்டுக்குப் போய் அழைப்புக் கொடுத்தான். சத்தியத்தைப் பற்றியும் பரிகாரத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. நேரில் சஹனில் இருந்து காட்டினால் போதும் என்று நினைத்தான். நானா கைகளை மடியில் இருந்த துவாய்க்குள் வைத்தபடி, "மகள்ட கலியாணம், வராம ஈப்பனா" என்றாராம். பதினேழு வருடத்தில் அதுதான் நீளமான பேச்சு. ஹாஷிம் அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்து அந்த வசனத்தை மூன்று தடவை சொன்னான்.

கலியாண நாள். நிக்காஹ் ஆற்றுப் பள்ளியில். நானா வந்தார். கடைசி வரிசையில் இருந்தார். மாப்பிள்ளை ஸிபான் போய் ஸலாம் கொடுத்தபோது கையை நீட்டாமல், தலையை ஆட்டித் துஆ செய்தார். ஹாஷிமின் கண் அவர் மேலேயே இருந்தது.

மண்டபத்தில் யன்னலோரம் ஒரு சஹன். வாப்பா வாங்கிய பழைய நாற்பதில் ஒன்று. அதைச் சுற்றி நானும், நானாவோடு படிப்பித்த மூன்று ஆசிரியர்களும் இருந்தோம். மகளைக் கட்டிக் கொடுக்கிற மனிதன் வேலையை எல்லாம் விட்டுவிட்டுத் துவாயைத் தோளில் இருந்து எடுத்து மடித்து வைத்து, எங்களோடு வந்து உட்கார்ந்தான். ஐந்து பேர். ஆறாவது இடம் நானாவுக்கு.

சுற்றியிருந்த சஹன்கள் திறக்கப்பட்டன. எங்களுடையது மூடிக் கிடந்தது. யாரோ வந்து, நானா துஆ முடிந்ததும் போய்விட்டார் என்றார்கள். பக்கத்துச் சஹனில் ஒருவர், "அந்தப் பள்ளிக்காரங்கள்ட கத தெரியும்தானே, விடுங்கொ ஹாஷிம்" என்றார்.

ஹாஷிம் எழுந்தான். எங்களை ஒவ்வொருவராக வேறு சஹன்களுக்குப் பிரித்து இருத்தினான். குரல் உடையவில்லை, கைதான் யாரை எங்கே காட்டுகிறோம் என்று தெரியாமல் காட்டியது. பிறகு துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனான். அந்தச் சஹன் மட்டும் யன்னலோரத்தில் மூடியபடி இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சோற்றில் கை வைக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே நானா வீட்டுக்கு நடந்தேன். அறுபத்தெட்டு வயது மனிதரை எப்படி எப்படி ஏச வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆஸிகா கதவைத் திறந்தாள். அவளைத் தாண்டி உள்ளே போனேன்.

நானா மேசையில் இருந்தார். முன்னால் பத்திரிகைத் தாள் விரித்து, அதன் மேல் சோற்றுக் கோப்பை. கரண்டி பிடித்த கை கோழி சிறகடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. தாள் முழுக்கச் சோறு சிந்திக் கிடந்தது. என்னைக் கண்டதும் கையை மேசைக்குக் கீழே கொண்டு போனார். மேசையும் சேர்ந்து நடுங்கியது.

ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் இருந்தேன்.

"எவ்வளவு காலமா நானா?"

"ஏழெட்டு வருஷம். மருந்து குடிக்கிறன். காலையில கொஞ்சம் அடங்கும். நாலு பேர் பாத்தாக் கூடும்."

"அதுக்குத்தான் சாப்பாட்டுக்கு வராம இருந்தீங்களா? ஊரே பள்ளி விஷயம்னு நெனைச்சுக்கிட்டு இருக்கு."

"நினைக்கட்டும்டு விட்டன். கை நடுங்குதுண்டு பாவம் பாக்கிறத விட, கொள்கைக்காரன்டு ஏசுறது எனக்கு மேல்." தாளில் சிந்திய சோற்றைப் பார்த்தார். "நான் சஹன்ல இருந்தா கோழிய நான்தானே பிய்க்கணும்டு எல்லாரும் பாத்துட்டு இருப்பாங்க, ராஜா. அவனும் தூணுக்குப் பின்னால நிண்டு பாப்பான்."

அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

"நானா, அவன் பத்துப் பேருக்குச் சோறு குடுத்துட்டான்" என்றேன்.

கணக்கு ஆசிரியருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போடப் பார்த்தார், முடியவில்லை. நான்தான் வாங்கிப் போட்டுவிட்டேன்.

"ரெண்டு பள்ளியிலயும் கேட்டுட்டுத்தான் குடுத்தான்" என்று சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார். சிரிக்கும்போதே அழுதார்.

நான் மண்டபத்துக்குத் திரும்பி வந்து ஹாஷிமிடம் சொன்னேன்.  அவன் நேரே யன்னலோரத்துக்குப் போய் அந்தச் சஹனை இரண்டு கையாலும் தூக்கினான்.

"புள்ளட கலியாணத்த விட்டுட்டு எங்க போறீங்க?" என்று றமீஸா ஓடி வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நிண்டுக்கொள்ளுங்கொ, வட்டிலாப்பத்தையும் கொண்டு போங்கொ" என்று உள்ளே போய் எடுத்து வந்தாள்.

ஓட்டோவில் சஹன் ஹாஷிமின் மடியில், வட்டிலாப்பம் என் மடியில். பகல் வெயில். பாதை மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அவன் குழந்தையை அணைக்கிற மாதிரி மூடியை அணைத்துக்கொண்டான்.

ஆஸிகா பாய் விரித்தாள். ஹாஷிம் செம்பை எடுத்து வந்து நானாவின் கைக்குத் தண்ணீர் ஊற்றினான். கை ஓர் இடத்தில் நிற்கவில்லை, தண்ணீர் வெளியே போனது. மற்றக் கையால் நானாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கழுவிவிட்டான். கழுவி முடிந்த பிறகும் அவன் அந்தக் கையை விடவில்லை.

மூடியைத் திறந்தான். சோறு ஆறிப் போயிருந்தது.

"நீ பிய்" என்றார் நானா.

"எனக்குத் தெரியாதே நானா."

"இவ்வளவு காலம் தூணுக்குப் பின்னால நிண்டு என்னத்தப் பாத்தே? முதல்ல தொடையப் பிடி. மூட்டுல திருப்பு. இழுக்காதே, திருப்பு."

ஆயிரக்கணக்கான சஹன் பரப்பிய மனிதன் கோழியோடு மல்லுக்கட்டினான். ஒரு பங்கு பெரிதாக, ஒரு பங்கு சின்னதாக, எலும்பு எல்லாம் ஒரு பக்கமாக வந்தது. முடித்துவிட்டுப் பார்த்தால் சஹனைச் சுற்றி ஆறு பங்கு இருந்தது.

"மூணு பேர்தானே ஈக்கிறம்" என்றார் நானா.

ஹாஷிம் தன் கையைப் பார்த்தான். "கை ஆறுக்குத்தான் போகுது."

உவைஸ் கொரோனா வருடம் போய்ச் சேர்ந்துவிட்டான். ஜவ்பர் கனடாவில். காமில் புத்தளத்தில் மகளோடு இருக்கிறான், போய்ப் பார்த்தால் நாங்கள் யார் என்று அவனுக்குத் தெரியாது.

அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி இரண்டு பேரும் ஒன்றாகக் கை போட்டார்கள். நானா எடுத்த முதல் கவளம் வாய்க்குப் போகும் முன் பாதி சிந்தி ஹாஷிம் பக்கம் விழுந்தது. ஹாஷிம் அதைத் தன் சோற்றோடு சேர்த்து எடுத்துச் சாப்பிட்டான். அடுத்த கவளமும் சிந்தியது. அதையும் சாப்பிட்டான்.

"கந்தூரி விஷயத்துல நான் அண்டைக்குச் சொன்னதத்தான் இப்பயும் சொல்லுவன்" என்றார் நானா.

"சொல்லுங்கொ. வார மாசக் கந்தூரிக்கு நான் சஹன் குடுக்கத்தான் போறன்."

"குடு."

"நீங்க வராதீங்கொ."

"வரமாட்டன்."

இரண்டு பேரும் தலையைத் தூக்காமலே சாப்பிட்டார்கள். ஹாஷிம் ஒரு நல்ல துண்டை எடுத்துக் களவாக நானா பக்கம் வைத்தான். நானா அதைத் திருப்பி வைக்கப் பார்த்தார். நடுங்கிய கையில் இருந்து நழுவி அது சஹனின் நடுவில் விழுந்தது. யார் எடுப்பது என்று இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அப்போதுதான் ஹாஷிம் உடைந்து போனான். சோற்றுக் கையை அப்படியே சஹனுக்கு மேலே வைத்துக்கொண்டு அழுதான்.

"பத்துப் பேர்தானே நானா. பத்துப் பேருக்கு ஒரு நேரச் சோறு. எத்தன ஆயிரம் பேருக்கு என்ட கையால வெச்சீக்கிறன். இந்தப் பத்துப் பேருக்கு வைக்க எனக்குப் பதினேழு வருஷம் போச்சே."

 நானா நடுவில் கிடந்த துண்டை எடுத்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்து எடுத்து, ஹாஷிமின் வாய்க்குக் கொண்டு போனார். கன்னத்தில் பட்டது, மூக்கில் பட்டது, கடைசியில் வாய்க்குள் போனது.

நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். ஆஸிகா வந்து சஹனை எடுக்கக் குனிந்தாள். மற்ற மூன்று பங்கும் ஓரத்தில் அப்படியே இருந்தன. அவள் எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் மகள்" என்றார் நானா.

அவள் எடுக்காமல் உள்ளே போனாள். நாங்கள் மூன்று பேரும் கை காயும்வரை அந்தச் சஹனைச் சுற்றியே இருந்தோம்.